பின் சீட்டுக்குப் பின்னாடி 28 யூனிட் வைக்கலாமா? வீட்டில் மாற்றும் எலக்ட்ரிக் காரில் பேட்டரிக்கு இடம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல பழைய கியர்பாக்ஸோட எலக்ட்ரிக் மோட்டாரை அடாப்டர் பிளேட் போட்டு எப்படி இணைக்கிறதுன்னு பார்த்தோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல பேட்டரியைப் பத்திதான். அதுல ஒரு நேயரோட கேள்வியை எடுத்துக்கிட்டு இந்த எபிசோட் முழுக்கப் பேசப்போறோம்.

அவர் வீட்டுல அப்பா ஓட்டின மாருதி 800 ஒண்ணு நிக்குது. இன்ஜின் போயிடுச்சு, விக்க மனசு வரல. எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல், 280 ஆம்பியர் அவர்ல 32 வாங்கலாம்னு இருக்கார். கேள்வி இதுதான்: "பின் சீட்டுக்குப் பின்னாடி டிக்கியில 32 செல்லையும் வரிசையா வெச்சு ஒரு ஆங்கிள் ஃபிரேம் அடிச்சுட்டா போதுமா? பின் சீட்டைக் கழட்ட முடியாது, பசங்க அங்கதான் உக்காருவாங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். செல் டிக்கியில அடங்குமான்னு டேப் வெச்சு அளந்தா தெரிஞ்சிடும். பசங்க முதுகுக்குப் பின்னாடி அதை எப்படி நிறுத்தி வைக்கிறது என்பதுதான் நிஜமான கேள்வி.

முதல்ல சட்டம், சுருக்கமா

இந்தியாவுல வீட்டுல மாத்தின காரை அப்படியே ரோட்டுல ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு வண்டியை மாத்தி அமைக்கிறதைக் கட்டுப்படுத்துது. எலக்ட்ரிக் மாற்றுக் கிட்டுகளுக்கு ஏ.ஐ.எஸ். 123-ன்னு ஒரு தரநிலை இருக்கு. புனேல இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசர்ல இருக்கிற ஐகேட் மாதிரி சோதனை நிறுவனங்கள் அந்தக் கிட்டுக்கு ஒப்புதல் தரணும். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஆர்.சி. புக்ல மாத்தணும். அது இல்லாம ரோட்டுல ஏதாவது நடந்தா இன்சூரன்ஸும் கை விரிக்கும். அதனால நான் இனிமே சொல்றது எல்லாம், சொந்த இடத்துக்குள்ள கத்துக்கறதுக்காகப் பண்றவங்களுக்கும், ஒப்புதல் வாங்கின கிட்டைப் பொருத்தப்போற பட்டறையில சரியான கேள்வி கேக்கணும்னு நினைக்கிறவங்களுக்கும்.

கிலோமீட்டருக்கு முன்னாடி கிலோ

எல்லாரும் "எத்தனை கிலோமீட்டர் போகும்"னு ஆரம்பிக்கிறாங்க. நான் "எத்தனை கிலோ தாங்கும்"ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

280 ஆம்பியர் அவர் செல் ஒண்ணு 3.2 வோல்ட். பெருக்கினா 896 வாட் அவர். எடை சுமார் 5.4 கிலோ. 32 செல்லுக்கு 28.7 கிலோவாட் அவர். நம்ம கரண்ட் பில் கணக்குல 28.7 யூனிட். எடை 173 கிலோ. அது வெறும் செல் மட்டும். ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பிளேட், பஸ்பார், பெட்டி, கேபிள் எல்லாம் சேர்த்துக் கால் பங்கு கூட்டிக்கிட்டா 215 கிலோ வந்திடும்.

மாருதி 800 மொத்தமே 650 கிலோ சுத்துவட்டாரத்துல இருக்கிற கார். அதுல 215 கிலோங்கறது நல்லா வளர்ந்த மூணு பேர் எப்பவும் டிக்கியில படுத்திருக்கிற மாதிரி. அதுக்கு மேல வீட்டு ஆளுங்க நாலு பேர் ஏறணும். ஸ்பிரிங்கும் பிரேக்கும் டயரும் அந்தக் கணக்குக்குப் போட்டது இல்ல.

எடை எங்க விழுதுங்கறதும் முக்கியம். இது முன் சக்கரம் இழுக்கிற வண்டி, இன்ஜினும் முன்னாடி. இன்ஜினைக் கழட்டினா முன்பக்கம் லேசாகுது. பேட்டரி முழுசையும் டிக்கியில போட்டா பின்பக்கம் அமுங்குது. ஹெட்லைட் வெளிச்சம் எதிர்ல வர்றவங்க கண்ணுக்குப் போகும். ஸ்டியரிங் லேசா மிதக்கிற மாதிரி இருக்கும். மழையில வளைவு எடுக்கும்போது பின்பக்கம் வெளிய இழுக்கும்.

அதனால முதல் வேலை செல் வாங்கறது இல்ல. எதையும் கழட்டறதுக்கு முன்னாடி லாரி எடை போடற எடை மேடைக்குக் காரைக் கொண்டு போங்க. முன் சக்கரம் மட்டும் ஏத்தி ஒரு எடை, பின் சக்கரம் மட்டும் ஏத்தி ஒரு எடை எடுங்க. காலியா ஒரு தடவை, நாலு பேர் உக்காந்து ஒரு தடவை. அப்புறம் கழட்டற ஒவ்வொண்ணையும் எடை போட்டு எழுதி வைங்க: இன்ஜின், ரேடியேட்டர், சைலென்சர், டேங்க். 28 லிட்டர் டேங்க் நிறைய இருக்கிற பெட்ரோலே 20 கிலோவுக்கு மேல. மாத்தின பிறகு முன், பின் ரெண்டும் பழைய நாலு பேர் எடையைத் தாண்டக் கூடாது. பேட்டரிக்கு இத்தனை கிலோதான்னு ஒரு பட்ஜெட் அந்தத் தாள்லயே வந்திடும்.

அப்போ எவ்வளவு போதும்?

ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டறதா வெச்சுக்குவோம். சின்ன, எடை குறைஞ்ச கார், நகரத்து வேகம். கிலோமீட்டருக்கு 100 வாட் அவர்னு எடுத்துக்கிட்டா 4 யூனிட் வேணும். செல்லை முழுசா காலி பண்ணாம 80 சதவீதம்தான் எடுக்கணும். சில வருஷத்துல செல்லோட கொள்ளளவு 80 சதவீதமா குறையும்னும் வெச்சுக்குவோம். 4-ஐ 0.8-ஆல ரெண்டு தடவை வகுத்தா 6.25 யூனிட். அவ்வளவுதான். 28 யூனிட் எங்க, 6 யூனிட் எங்க!

உடனே 6 யூனிட்டோட நிறுத்திடாதீங்க. சின்ன பேட்டரியில இன்னொரு எல்லை இருக்கு: ஒரே நேரத்துல எவ்வளவு கரண்ட் தர முடியும் என்பது. ஆளோட சேர்த்து 950 கிலோ இருக்கிற கார், 5 சதவீதச் சரிவு உள்ள மேம்பாலத்துல 40 கிலோமீட்டர் வேகத்துல ஏறுதுன்னு கணக்குப் போட்டேன். ஏத்தம், டயர் உருளல், காத்து எல்லாம் சேர்த்து சக்கரத்துல 7 கிலோவாட். மோட்டார், கியர்ல போற நஷ்டத்தையும் சேர்த்தா பேட்டரியில இருந்து சுமார் 9 கிலோவாட். பாலத்து மேல வேகம் கூட்டணும்னா இதுல ரெண்டு மடங்கு வேணும்.

100 ஆம்பியர் அவர் செல் 32 போட்டா 10.24 யூனிட். அந்த செல் 1-சி மட்டும்தான் தரும்னா, அதாவது கொள்ளளவு எத்தனையோ அத்தனை ஆம்பியர்தான் தரும்னா, 100 ஆம்பியர், 10 கிலோவாட். மேம்பாலத்துல மூச்சு வாங்கும். அதே அளவுல தொடர்ந்து 2-சி தரக்கூடிய செல் வாங்கினா 20 கிலோவாட், போதும். 280 ஆம்பியர் அவர் செல்கள் பெரும்பாலும் சோலார் சேமிப்புக்காக, மெதுவா சார்ஜ் ஆகி மெதுவா காலியாகற வேலைக்குச் செஞ்சது. விலை குறைவுங்கறதுக்காக அதை எடுத்தா, காருக்குத் தேவையான கரண்டுக்காகத் தேவையில்லாத எடையையும் சேர்த்துத் தூக்கறோம்.

100 ஆம்பியர் அவர் செல் ஒண்ணு சுமார் 2 கிலோ. 32 செல் 65 கிலோ, பெட்டியோட 85 கிலோ. 215-க்குப் பதிலா 85. இதுக்கு மேல பேசப்போற எல்லா வேலையும் இந்த ஒரு முடிவால சுலபமாகுது.

ஒரு எச்சரிக்கை. யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க நிசான் லீஃப் மாட்யூல், டெஸ்லா மாட்யூல் வெச்சு மாத்தறதைப் பார்த்திருப்பீங்க. அவங்களுக்கு விபத்துல அடிபட்ட கார்ல இருந்து முழு பேக் கிடைக்குது. 24 யூனிட் லீஃப்ல 48 மாட்யூல், ஒவ்வொண்ணும் தகடு போட்டு மூடினது. 85 யூனிட் டெஸ்லா மாடல் எஸ்-ல 16 மாட்யூல், ஒவ்வொண்ணுலயும் 444 சின்ன உருளை செல், நடுவுல குளிர்விக்கிற குழாய். அதோட கெமிஸ்ட்ரியும் எல்.எஃப்.பி. இல்ல. அவங்க பெட்டி டிசைனை அப்படியே காப்பி பண்ணி அதுக்குள்ள நம்ம செல்லை வைக்க முடியாது.

ஒரு பெட்டி இல்ல, ரெண்டு பெட்டி

32 செல்லை ஒரே இடத்துல வைக்காம 16, 16-ஆ பிரிங்க. இதுக்கு ரெண்டு காரணம்.

ஒண்ணு எடை. ஒரு பெட்டி பெட்ரோல் டேங்க் இருந்த இடத்துல, ஒரு பெட்டி முன்னாடி மோட்டாருக்கு மேல. எடை மேடைச் சீட்டைப் பார்த்து எதை முன்ன பின்ன நகர்த்தணும்னு முடிவு பண்ணலாம்.

ரெண்டாவது உயிர். 32 செல் முழு சார்ஜ்ல 116.8 வோல்ட். 60 வோல்ட் டி.சி.க்கு மேல போனாலே வாகனத் தரநிலைகள் அதை உயர் மின்னழுத்தமாத்தான் பார்க்குது. 16 செல் முழு சார்ஜ்ல 58.4 வோல்ட். அதாவது ரெண்டு பெட்டியும் தனித்தனியா இருக்கிற வரைக்கும் ஒவ்வொண்ணும் அந்த எல்லைக்குக் கீழ. ரெண்டையும் இணைக்கிற இடத்துல கையால பிடுங்கற ஒரு சர்வீஸ் பிளக் வைங்க. மெக்கானிக் கை வைக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிப் பாக்கெட்ல போட்டுக்கணும். யாரும் தெரியாம திருப்பிப் போட முடியாது.

முன் பெட்டியைப் பம்பரை ஒட்டி வைக்காதீங்க, இன்ஜின் அறையோட பின் சுவர் பக்கமா தள்ளி வைங்க. பின் பெட்டியையும் டிக்கியோட கடைசி ஓரத்துல வைக்கக் கூடாது. பின்னாடி இருந்து வண்டி இடிச்சா முதல்ல நசுங்கற இடம் அதுதான்.

செல்லை அடுக்கறது

பட்டை வடிவ எல்.எஃப்.பி. செல் சார்ஜ் ஏறும்போது லேசா உப்பும், இறங்கும்போது அடங்கும். வயசாக ஆக, உப்பினது முழுசா அடங்காது. சும்மா பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சா இந்த அசைவு மொத்தமும் மேல இருக்கிற டெர்மினல்ல விழும். டெர்மினல் விரிசல் விட்டா அந்த செல் அவ்வளவுதான்.

அதனால வரிசையோட ரெண்டு முனையிலயும் தடிமனான அலுமினிய பிளேட், நடுவுல நாலு திரெட் ராடு, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இன்சுலேஷன் ஷீட். செல்லோட அலுமினிய உறைக்கும் டெர்மினலுக்கும் நடுவுல மின்னழுத்தம் இருக்கலாம், மேல ஒட்டின நீலப் பிளாஸ்டிக்கை மட்டும் நம்பாதீங்க. எவ்வளவு இறுக்கணும்னு டேட்டாஷீட்ல போட்டிருக்கும். 280 ஆம்பியர் அவர் செல் ஒண்ணுக்கு 300 கிலோ விசைன்னு இருக்கு. கேக்க பயங்கரமா இருக்கும். ஆனா செல்லோட அகலப் பக்கம் 350 சதுர சென்டிமீட்டர் இருக்கும், அதுல பரவினா சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கூட இல்ல. கை வலிக்கிற வரைக்கும் இறுக்கறது தப்பு, தளர்வா விடறதும் தப்பு. ராடு முனையில ஸ்பிரிங் போட்டா செல் உப்பும்போதும் விசை பெருசா மாறாது. பஸ்பாரும் நடுவுல ஒரு வளைவு உள்ள மாதிரி, அசைவுக்கு இடம் கொடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

போல்ட் அறுந்து போகாது, தகடுதான் கிழியும்

இப்போ பசங்க விஷயத்துக்கு வருவோம். கார்ல பொருத்தற பேட்டரிக்கான ஐ.நா. விதி ஆர்100-ல அதிர்ச்சிச் சோதனை ஒண்ணு இருக்கு. பயணிகள் காருக்கு முன்-பின் திசையில உச்சம் 20 ஜி-க்குக் குறையாம கொடுத்துப் பார்க்கணும். அதாவது பேட்டரி தன் எடையை மாதிரி 20 மடங்கு விசையோட முன்னாடி பாயப் பார்க்கும்.

215 கிலோவுக்கு 20 மடங்கு 4,300 கிலோ. நாலு டன்னுக்கு மேல. நேயர் கேட்ட இடம் பின் சீட்டுக்குப் பின்னாடி. சடன் மோதல்ல அந்த நாலு டன் முன்னாடி வரப் பார்க்கும். நடுவுல இருக்கிறது சீட்டோட முதுகுத் தகடும் பசங்களும். அதனால என் பதில்: டிக்கியில, பயணிகளோட ஒரே அறையில 32 பெரிய செல்லும் வேண்டாம்.

டேங்க் இருந்த இடத்துல 42 கிலோ பெட்டின்னா அதே கணக்குல 840 கிலோ. இதைப் பிடிச்சு நிறுத்த முடியும். நல்ல தரமான 8.8 கிரேடு எம்10 போல்ட் ஒண்ணே ரெண்டு டன்னுக்கு மேல தாங்கும், நாலு போட்டா தாராளம். ஆனா அந்த போல்ட் பிடிச்சிருக்கிற தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. போல்ட் அப்படியே இருக்கும், தகடு காகிதம் மாதிரி கிழியும். அதனால வெறும் வாஷர் போடாதீங்க. தகட்டோட மறுபக்கம் 3 மில்லி கனத்துல உள்ளங்கை அளவு ஸ்டீல் பிளேட் வெச்சு விசையைப் பரப்புங்க. முடிஞ்ச வரைக்கும் ஃபிரேமை பாடியோட பாக்ஸ் மெம்பர்லயே பிடிங்க. பழைய மாருதியில துரு எங்க இருக்குன்னு டிங்கரிங் பண்றவரைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்க. துருப்பிடிச்ச தகட்டுல எந்தக் கணக்கும் நிக்காது. பெயிண்டுக்கு முன்னாடி அவர் சொல்றதைக் கேளுங்க.

20 வாட்டும் 5,000 ஆம்பியரும்

ஒரு பஸ்பார் நட்டு சரியா இறுகலைன்னா அங்க அரை மில்லி ஓம் தடை இருக்குன்னு வைங்க. ரொம்பச் சின்னது. ஆனா 200 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு நட்டுல மட்டும் 20 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்னைப் பெட்டிக்குள்ள செருகி மூடினதுக்குச் சமம். டார்க் ரெஞ்ச் வெச்சு டேட்டாஷீட் சொல்ற அளவுக்கு இறுக்குங்க. இறுக்கின ஒவ்வொரு நட்டுலயும் மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. ஒரு மாசம் ஓடின பிறகு கோடு விலகியிருக்கான்னு பாருங்க.

ஃபியூஸ் பத்தி. 32 செல், செல்லுக்கு அரை மில்லி ஓம், கேபிளும் சேர்த்து மொத்தம் 20 மில்லி ஓம்னு வைங்க. ஷார்ட் ஆச்சுன்னா 100 வோல்ட்டை 0.02-ஆல வகுத்தா 5,000 ஆம்பியர். வீட்டு எம்.சி.பி. இதுக்கு ஆகாது. ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி அணைய வாய்ப்பு கிடைக்கும். டி.சி. அப்படித் தொடறதே இல்ல, பொறி எரிஞ்சுக்கிட்டே இருக்கும். டி.சி.-க்குன்னே மதிப்பிட்ட, 117 வோல்ட்டுக்கு மேல தாங்கற, 5,000 ஆம்பியருக்கு மேலயும் உடைக்கக்கூடிய ஃபியூஸ் வேணும். ரெண்டு பெட்டிக்கும் தனித்தனியா, பெட்டிக்குள்ளயே இருக்கணும். நடுவுல போற கேபிள் ஆரஞ்சு உறையோட, தரைக்கு அடியில கல் அடிக்காத பாதையில போகணும்.

இன்னொண்ணு. பழைய 12 வோல்ட் பேட்டரியோட மைனஸ் பாடியில இருக்கும். பெரிய பேட்டரியோட எந்த முனையும் பாடியைத் தொடக் கூடாது. ஒரு இடத்துல தொட்டா எதுவும் நடக்காது, கார் ஓடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ரெண்டாவது இடத்துல யாரோட கையாவது தொடும்போதுதான் தெரியும். ஐ.நா. விதிப்படி வோல்ட்டுக்குக் குறைஞ்சது 100 ஓம், நம்ம பேக்குக்கு சுமார் 11,700 ஓம் இன்சுலேஷன் இருக்கணும். நல்லா செஞ்ச பேக்ல அதைவிடப் பல மடங்கு இருக்கும். மல்டிமீட்டர்ல பிளஸ்ஸுக்கும் பாடிக்கும், மைனஸுக்கும் பாடிக்கும் அளந்து பாருங்க. ரெண்டுலயும் வோல்ட் சரசரன்னு இறங்கணும். ஏதாவது ஒண்ணு அப்படியே நின்னா, எங்கயோ ஒட்டிக்கிட்டு இருக்கு.

வாயு, தண்ணி, வெயில்

எல்.எஃப்.பி. சுலபமா தீப்பிடிக்காதுன்னு சொல்றது ஓரளவுக்கு உண்மை. மத்த லித்தியம் வகைகளைவிட அதிக சூடு தாங்கும். ஆனா சேதமான செல் வாயு விடும், அதுல ஹைட்ரஜனும் இருக்கும், பத்திக்கும். அதனால பெட்டிக்கும் பயணிகள் அறைக்கும் நடுவுல ஓட்டை இருக்கக் கூடாது. வாயு போற குழாய் காருக்கு வெளிய, கீழ நோக்கி. டிக்கி வேண்டாம்னு சொன்னதுக்கு இது ரெண்டாவது காரணம்.

சென்னை மாதிரி ஊர்ல தெருவுல முழங்கால் தண்ணி புதுசு இல்ல. ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கற ஐ.பி.67 தரத்தை வெல்டிங் பட்டறையில வாங்கறது கஷ்டம். நல்ல கேஸ்கெட், கேபிள் நுழையற இடத்துல கிளாண்டு, உள்ள வேர்க்காம இருக்க ஒரு பிரீதர் வால்வு வைங்க. அதுக்கு மேல தண்ணி நிக்கிற ரோட்டுக்குப் போகாதீங்க. வெயிலைப் பொறுத்தவரை, செல் 45 டிகிரிக்கு மேல நிறைய நேரம் இருந்தா ஆயுள் வேகமா குறையும். மே மாசம் வெட்டவெளியில நிறுத்திட்டு வந்த உடனே சார்ஜ் போடாதீங்க, ராத்திரி ஆறினதும் போடுங்க.

பி.எம்.எஸ். கண்டிப்பா வேணும். ஒவ்வொரு செல்லோட வோல்ட்டையும் பார்த்து, 3.65-க்கு மேல ஏறினாலோ 2.5-க்குக் கீழ இறங்கினாலோ கான்டாக்டரைத் திறந்து வண்டியை நிறுத்தணும். ஆனா தளர்ந்த நட்டையும் கிழிஞ்ச தகட்டையும் பி.எம்.எஸ். சரி பண்ணாது. சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்கற ஆள் சொல்றேன், இரும்புல செய்ய வேண்டிய வேலையை சாஃப்ட்வேர் தலையில கட்டாதீங்க.

இணைக்கிற நாள்

மோதிரம், வாட்ச், செயின், வளையல் எல்லாம் கழட்டி வெச்சிடணும். ஸ்பேனரோட தலையை மட்டும் விட்டுட்டு மீதியை இன்சுலேஷன் டேப்பால சுத்துங்க. வேலை செய்யற ரெண்டு டெர்மினலைத் தவிர மத்ததை ரப்பர் மேட்ல மூடுங்க. ஒரு பெட்டி முழுசா முடிச்சு மூடி போட்ட பிறகுதான் அடுத்த பெட்டி. சர்வீஸ் பிளக் கடைசியில. தனியா செய்யாதீங்க, மெயின் எங்க இருக்குன்னு தெரிஞ்ச இன்னொரு ஆள் பக்கத்துல நிக்கட்டும்.

நேயருக்கு நேரடியான பதில்: 32 செல் சரி, ஆனா 100 ஆம்பியர் அவர், 2-சி தர்ற வகை. டிக்கியில இல்ல, முன்னாடி 16, டேங்க் இடத்துல 16. தினம் 40 கிலோமீட்டருக்குத் தாராளம். 200 கிலோமீட்டர் போகணும்னா அதுக்கு இந்தக் கார் இல்ல, பஸ்ஸோ ரயிலோ பிடிங்க. அப்பாவோட கார் அப்பா ஓட்டின அதே எடையில ஓடட்டும்.

அடுத்த எபிசோட்ல சார்ஜர், பிரீசார்ஜ், கான்டாக்டர் மூணையும் பார்ப்போம். அதுக்குள்ள யாராவது எடை மேடைக்குப் போயிட்டு வந்தா, முன், பின் எடை ரெண்டையும் எழுதி அனுப்புங்க. உங்க வண்டிக்கு எத்தனை செல் தாங்கும்னு சேர்ந்தே கணக்குப் போடுவோம்.